நெட் ஸ்லோவா? கேபிள்காரருக்குப் போன் போடும் முன்னால் இதைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஒரு சண்டை ஓடியது. நெட் இழுக்கிறது என்று நான் கேபிள்காரருக்குப் போன் போடுவேன், அவர் பைக்கில் வந்து ஹாலில் நின்று தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுவார், 95 என்று காட்டும். "பாருங்க சார், ஃபுல்லா வருது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்காது, உள் அறையில் என் ஆபீஸ் மீட்டிங் அப்படியே உறைந்து நிற்கும். கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. வீட்டுக்குள்ளே ஒரு கோளாறு, வெளியே தெருவில் ஒரு கோளாறு, இரண்டும் மாறி மாறி ஆட்டம் காட்டியிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது, உங்களுக்கு ஒரு சனி ஞாயிறு போதும்.

நான் சொல்லப்போவது தெருவில் கம்பம் கம்பமாகத் தொங்கி வரும் ஃபைபர் இணைப்பைப் பற்றி. இப்போது தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்கு நெட் அப்படித்தான் வருகிறது, பெயர் பெரிய கம்பெனியுடையது என்றாலும் கம்பத்தில் ஏறுகிறவர் நம் ஏரியா ஆள்தான்.

முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும். பிளானில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது மெகாபிட். படம் டவுன்லோட் ஆகும்போது திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். "நூறு கட்டுறேன், பன்னிரண்டுதான் வருது" என்று என் மச்சான் ஒருவர் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு வந்துகொண்டிருந்தது முழு ஸ்பீடு. இன்னொன்று, 'அன்லிமிடெட்' என்று சொல்கிற பிளானிலும் மாதத்துக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்போம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். பல பிளான்களில் அது 3300 ஜிபி, சின்னப் பிளான்களில் இதைவிடக் குறைவு. மாதக் கடைசியில் மட்டும் நெட் ஆமை வேகத்தில் போனால் கம்பெனி ஆப்பைத் திறந்து எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

சரி, அது இல்லை என்றால் அடுத்து ஒரே ஒரு கேள்வி: கோளாறு மோடத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

இதைத் தெரிந்துகொள்ள வைஃபையை நம்பாதீர்கள். கடையில் ஒரு மீட்டர் லான் கேபிள் மலிவாகவே கிடைத்துவிடும், அதை மோடத்தில் ஒரு முனையும் லேப்டாப்பில் ஒரு முனையுமாகச் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, வீட்டில் மற்றவர்களை ஐந்து நிமிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு டெஸ்ட் ஓட்டுங்கள். புது லேப்டாப்களில் லான் ஓட்டையே இருக்காது, யுஎஸ்பியில் செருகும் ஒரு சின்ன அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் மனமில்லை என்றால் மோடத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்று, இப்படி நான்கு நாள். தேதி, நேரம், கம்பியில் எவ்வளவு, உள் அறையில் வைஃபையில் எவ்வளவு. நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன், பின்னால் அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

கம்பியில் முழுசாக வந்து அறையில் மட்டும் அடிவாங்கினால் பிரச்சினை உங்கள் வீட்டுக்குள். கம்பியிலேயே அடிவாங்கினால் பிரச்சினை வெளியே. இதில் ஒரு பொறி இருக்கிறது. 200, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தும் கம்பியில் எப்போது பார்த்தாலும் 94, 95 என்று அசையாமல் நின்றால், அது லைன் கோளாறு இல்லை. லான் கேபிளுக்குள் எட்டு இழைகள் உண்டு, எட்டும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் ஓடும், அதில் ஒன்று அறுந்தாலும் நான்கு இழையில் தள்ளாடி 100க்கு இறங்கிவிடும். அல்லது மோடத்தின் ஓட்டையே பழைய 100 ரகமாக இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

வேகம் சரியாக வருகிறது, ஆனால் நடுநடுவே அறுகிறது என்கிறவர்களுக்கு ஸ்பீட் டெஸ்ட் உதவாது. லேப்டாப்பை வழக்கம்போல் வைஃபையில் விட்டு, கருப்பு ஜன்னல் (Command Prompt) இரண்டு திறந்து, ஒன்றில் மோடத்தின் முகவரிக்கு பிங் போடுங்கள், அதாவது ping என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு முகவரியை எழுதுங்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். அது பெரும்பாலும் 192.168.1.1, மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8க்கு, அதாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வருக்கு, பிங் போடுங்கள். விண்டோஸில் நான்கு தடவையோடு நின்றுவிடும், கடைசியில் ஒரு இடைவெளி விட்டு மைனஸ் குறியும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டிங் அறுகிற நேரத்தில் திரும்பிப் பாருங்கள். முதல் ஜன்னலும் திணறினால் வைஃபை. முதல் ஜன்னல் ஒன்று இரண்டு மில்லிசெகண்டில் நிம்மதியாக ஓட, இரண்டாவது மட்டும் 'டைம்டு அவுட்' என்று கொட்டினால் கேபிள்காரர் பக்கம். இதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் என்றால்

எங்கள் வீட்டு வில்லன் பீரோ. வயர் வாசல் ஜன்னல் வழியாக வந்ததால் கேபிள்காரர் முதல் நாள் மோடத்தை அங்கேயே ஆணியடித்து மாட்டிவிட்டார், அதற்கும் என் அறைக்கும் நடுவில் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ, ஆள் உயரக் கண்ணாடியோடு. இரும்பைத் தாண்டி வைஃபை வராது, கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் உலோகப் பூச்சும் அப்படியே. மோடத்தை டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், பரண் மேல், மீன் தொட்டி பக்கத்தில் வைக்கிறவர்கள் எல்லாரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். தண்ணீரும் சிக்னலைக் குடிக்கும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். ஃபைபர் வயரை நீங்களே இழுத்து நகர்த்த வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மூலையில் மடக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வெளிச்சம் கசிந்துவிடும். அந்த வயரின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது, வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல். அடுக்குமாடியில் பத்து வீட்டு வைஃபையும் அதில்தான் முட்டிக்கொள்கின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் ஒரு செங்கல் சுவரிலேயே மூச்சு வாங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் தன் இஷ்டத்துக்கு எதையோ பிடித்துத் தொங்கும். பிரவுசரில் மோடத்தின் முகவரியை அடித்து அதன் செட்டிங் பக்கத்துக்குள் போய்த் தனித்தனிப் பெயர் கொடுங்கள், டிவியையும் லேப்டாப்பையும் 5இல் விடுங்கள், 2.4இல் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், மற்ற எண்கள் பக்கத்துச் சேனலோடு உரசும். உள்ளே போனதோடு வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். நம் பழைய பாஸ்வேர்டு எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நமக்கே தெரியாது.

மாடி, பின்கட்டு, நீள வீடு என்றால் மோடத்தை எங்கே வைத்தாலும் எட்டாது. கடைக்காரர் உடனே சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றைத் தள்ளப் பார்ப்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அந்தக் காசுக்கு நல்ல லான் கேபிள் வாங்கி மாடிக்கு இழுங்கள், 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை (DHCP, போன்களுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலை, அதை மோடமே பார்த்துக்கொள்ளும்) அணைத்து, அதில் WAN என்று எழுதியிருக்கும் ஓட்டையில் செருகாமல் லான் ஓட்டையில் இந்தக் கேபிளைச் செருகினால் இரண்டாவது வைஃபை தயார். என் அறைக்கு நான் செய்தது இதுதான், செலவு கேபிளுக்கு மட்டும். வயர் இழுக்கவே முடியாது, வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால் மெஷ் செட் (வயர் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று வைஃபை பெட்டிகள்) வாங்கலாம், காசு கூடத்தான் ஆகும்.

எல்லாம் சரியாக இருந்தும் வீடியோ காலில் நம் குரல் மட்டும் எதிராளிக்கு உடைகிறதா? மேலே ஏறுகிற பாதையை, அதாவது அப்லோடை, யாரோ அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரி வீட்டில் நான்கு போன்களும் போட்டோவை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. சித்தப்பா வீட்டில் நான்கு சிசிடிவி கேமரா நாள் முழுக்க அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. போட்டோ ஏற்றத்தை ராத்திரி தூங்கும் நேரத்துக்குத் தள்ளி, கேமராவை உள் மெமரியில் பதிய விட்டதும் அவர் வீட்டு நெட் உயிர் பெற்றது.

வாட்ஸ்அப் ஓடுகிறது, ஆனால் சில தளங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன என்றால் டிஎன்எஸ்ஸை (DNS, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். அதனால் டவுன்லோட் வேகம் கூடாது, தளம் திறக்கும் தயக்கம் மட்டும்தான் போகும்.

வெளியே என்றால்

மோடத்தில் 'லாஸ்' (LOS) என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாகச் சிமிட்டினால் வெளிச்சமே வரவில்லை, வயர் அறுந்திருக்கிறது அல்லது எங்கேயோ ஜாயிண்ட் விட்டிருக்கிறது. ஆன் ஆஃப் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள், போட்டோ எடுத்துக் கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள். சிவப்பு இல்லாமல் 'பான்' (PON) விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் எதிர்முனையோடு கை குலுக்க முடியவில்லை. அந்த இரண்டும் சரியாக இருந்து நெட் இல்லை என்றால் அது பெரும்பாலும் அக்கவுண்ட், ரீசார்ஜ், அல்லது கம்பெனி சர்வர்.

உண்மையான துப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மோடத்தின் அதே செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் என்ற பகுதியில் 'ஆர்எக்ஸ் பவர்' (Rx Power, வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்று மைனஸில் ஒரு எண் காட்டும், கேபிள்காரர் கையில் வைத்திருக்கும் மீட்டர் காட்டுவதும் இதுதான். "லைட்டு எவ்வளவு வருது" என்று அவர்கள் பேசிக்கொள்வது இதைப் பற்றித்தான். பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும், மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. மூன்று புள்ளி கீழே போனால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் காலையில் மைனஸ் 22, சாயங்காலம் கடல்காற்று எழுந்தால் மைனஸ் 28. கேபிள்காரர் வந்ததெல்லாம் காலை பதினோரு மணிக்கு, அவருக்கு எப்படித் தெரியும்?

காலண்டர் தாளைக் காட்டி, "அண்ணா, ஒரு நாள் ஆறு மணிக்கு மேல வாங்க" என்றேன். வந்தார். மீட்டரை மாட்டிவிட்டு வயரைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தார், மூன்றாவது கம்பத்தில் நின்றார். யாரோ ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரின் கயிற்றை எங்கள் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விழா முடிந்து, பேனர் கிழிந்து, பிரேமும் கயிறும் மட்டும் மிச்சம். காற்று அடிக்கும்போதெல்லாம் அது வயரை இழுத்து மடக்கியிருக்கிறது. கயிற்றை அறுத்தார், மைனஸ் 21 வந்தது. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார்" என்றார். நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் எண்ணோடு சொல்லவில்லை.

பேனர் கயிறு மட்டும் இல்லை, அணில் கடிக்கும், குரங்கு தொங்கும், இபிக்காரர்கள் கிளை வெட்டும்போது வயரும் சேர்ந்து போகும், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினால் தெருவே போகும். வாசலிலிருந்து நான்கு கம்பம் வரை நீங்களே தலை தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், தொடாமல்.

வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கம்பியில் காலையில் முழு ஸ்பீடு, ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் விழுகிறது, எழுதிய நாளெல்லாம் அப்படியே என்றால் அது நெரிசல். ஃபைபர் என்றாலும் தனி லைன் இல்லை, ஜிபான் என்கிற முறையில் ஒரு போர்ட்டிலிருந்து வரும் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் வரை பிரித்துக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய இடுக்கு, ஏரியா ஆபரேட்டர் மேலிருந்து வாங்கி வைத்திருக்கும் மொத்த அளவு. சந்தாதாரர் கூடிக்கொண்டே போக அது கூடவில்லை என்றால் பிளானை 200க்கு ஏற்றினாலும் பயனில்லை. இதற்கு ரூட்டர் மாற்றச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி இருந்தால் அதே ராத்திரி ஒன்பதரைக்கு அங்கே போய் டெஸ்ட் பாருங்கள், காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

சில நாள் தவறு தெருவில்கூட இருக்காது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இங்கே நிறையப் பேருக்கு வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் இழுத்தன. போன் டேட்டாவிலும் அதே தளம் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

கரண்ட்

மோடம் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள், இரண்டு மூன்று வருடத்தில் அது சொத்தையாகிவிடும். மின்வெட்டுக்கு, ரூட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் போதும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் எல்லாம் அப்படி இல்லை. ஒன்றை யாரும் சொல்ல மாட்டார்கள்: உங்கள் மோடம் எரிந்தால் போதாது, எதிர்முனையில் ஆபரேட்டரின் மெஷினும் எரிய வேண்டும். "கரண்ட் போனா உங்க பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?" என்று இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அப்போது யார் வீட்டு யூபிஎஸ்ஸும் உதவவில்லை.

புகார்

கேபிள்காரரிடம் வாயால் சொல்வது புகார் இல்லை. சொல்லுங்கள், அவர்தான் வந்து சரி செய்யப்போகிறவர், அவரைப் பகைக்கவும் வேண்டாம். ஆனால் அதே நேரத்தில் கம்பெனி ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ பதிந்து புகார் எண் வாங்கிவிடுங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி அந்த எண்ணை அவர்கள் கொடுத்தாக வேண்டும். "நெட் ரொம்ப ஸ்லோ" என்று எழுதினால் "மோடத்தை ரீஸ்டார்ட் செய்யவும்" என்று பதில் வந்து புகார் மூடப்படும். நான் எழுதியது இப்படி: "100 எம்பிபிஎஸ் பிளான். லான் கேபிளில் நேரடியாகச் சோதித்தது. நான்கு நாட்களாக மாலை 6 மணிக்கு மேல் 8 முதல் 15 வரை. அந்த நேரத்தில் ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28. காலையில் மைனஸ் 22. மாலையில் ஆள் அனுப்பவும்." இதற்கு ரீஸ்டார்ட் பதில் வரவில்லை.

தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், காசு கிடையாது, அவர்கள் 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். டிராய்க்கு நேராக எழுதிப் பலனில்லை, தனிப்பட்ட புகார்களை அது விசாரிப்பதில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவை மீதான வழக்கு அங்கே செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நாள்கணக்கில் நெட் இல்லாமல் போனால் அந்த நாட்களுக்குப் பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள்.

கம்பெனியே மாற்றுகிறீர்கள் என்றால் புது ஆளிடம் முதலில் கேட்க வேண்டியது, வயர் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று. இரண்டு மூன்று கம்பெனிக்கு ஒரே ஆபரேட்டர் ஏஜென்ட்டாக இருப்பார், பெயர் மாறும், வயரும் ஆளும் மாறாது. "ஒரு வருஷம் கட்டினா இரண்டு மாசம் ஃப்ரீ" என்பார்கள், கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதம் மட்டும், பழைய லைனையும் அந்த மாதம் வைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டிலும் டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணோடு ஒரு ரசீது, அது இல்லாவிட்டால் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட் கேட்கப் போகும்போது "மோடம் வரவே இல்லையே சார்" என்பார்கள்.